பொட்டும் தையலும்

இங்கிலாந்திலிருந்து கப்பலில் வந்தது.
இன்ஜின் இல்லை, இருக்கை இல்லை,
கைப்பிடி இருக்க வேண்டிய இடத்தில்
கதவுக்கு இரண்டு ஓட்டைகள்.
நெற்றித் தகட்டில் எண்: 4417.
யாரோ தவணையில் வாங்கி
பிள்ளைகளைப் பல் டாக்டரிடம்
கூட்டிப்போக வேண்டிய உடம்பு.

கெயுரூவில் அந்த ஜனவரி முழுக்க
மைனஸ் இருபத்தெட்டு.
ராத்திரி அதை முற்றத்தில் தள்ளிவிட்டோம்.
காலையில் சுத்தியலால் ஒரு தட்டு:
சத்தம் அடங்க உள்தரையில் அப்பியிருந்த தார்
அப்பளமாய் நொறுங்கி வந்தது.
கூட்டி அள்ளித் தராசில் வைத்தார் ஹெம்மோ.
"ஒன்பது கிலோ மௌனம்" என்றார்.
அதற்குப் பிறகு
ஒரு திருகாணி கை தவறினாலும்
கார் முழுக்கக் கத்தியது.

தொழிற்சாலை பொட்டு வைத்துத்தான் அனுப்பும்.
தகடும் தகடும் சேரும் விளிம்பில்
இரண்டு அங்குலத்துக்கு ஒரு பொட்டு.
கடைக்குப் போய்வர அது போதும்.
காட்டுப் பாதை
ஒவ்வொரு பொட்டாய் அழித்துவிடும்.

அதனால் தையல்.
ஓர் அங்குலம் உருக்கு, ஓர் அங்குலம் விடு.
ஒரே பக்கமாய்ப் போனால்
உடம்பு முறுக்கிக்கொள்ளும்.
போன வருடத்துக் கார் அப்படித்தான் ஆனது.
இடது கதவு சாத்தவே இல்லை.
கலெர்வோ அதைக் கயிற்றால் கட்டி
மூன்று ஸ்டேஜ் ஓட்டினார்.
என்னை ஒன்றும் சொல்லவில்லை.
சொல்லியிருக்கலாம்.

இந்த முறை வலப்பக்கம் முன்னால் கொஞ்சம்,
இடப்பக்கம் பின்னால் கொஞ்சம்,
பிறகு தகடு ஆறும்வரை காபி.
ஸ்பிரிங் வந்து முட்டும் மேடுகளுக்கு
மூன்று மில்லிமீட்டர் தகட்டில் தொப்பி.
கூரைக்கடியில் குழாய்க் கூண்டு;
அதன் கடைசி மூட்டுக்கு
மல்லாந்து படுத்து, வாயில் டார்ச் கவ்வி,
பொறி காலருக்குள் விழ விழ.
ஆயிரத்து அறுநூற்று முப்பது தையல்கள்.
எண்ணியது நான்தான். யாரும் கேட்கவில்லை.

வெளிக்கோடும் முன்கண்ணாடியும்
தொழிற்சாலை தந்தபடியே இருக்க வேண்டும் என்றது
எங்கள் போட்டியின் விதி.
படித்துவிட்டுச் சிரித்தோம்.

மார்ச்சில், ஏழாவது ஸ்டேஜில்,
பனிமேட்டில் ஏறி ஒரு முழு உருளல்.
கூண்டு நின்றது.
தையல் ஒன்றுகூட விடவில்லை.
முன்கண்ணாடி மட்டும்
ரப்பரோடு பிதுங்கிப் போய்
ஒரு பிர்ச் மரத்தில் உடைந்திருந்தது.

இருபது அடி தள்ளி, வேடிக்கை பார்க்க வந்தவர்களுடைய
வண்டிகளுக்கு நடுவே அதே மாடல், பச்சை நிறம்.
ஸில்வி அஹ்வெனைனென், பால் பண்ணைப் பரிசோதகர்.
ஹெம்மோ ஓடிப்போய்க் கேட்டாராம்.
"எவ்வளவு நேரமாகும்?" என்றாராம் அவர்.
எட்டு நிமிடம்.
சிந்தாமல் சிதறாமல் பொருந்தியது.

சர்வீஸ் வேனில் நான் போய்ச் சேர்ந்தபோது
போட்டிக் கார் போய்விட்டிருந்தது.
முகத்தில் ஓட்டையோடு பச்சைக் கார்.
குனிந்து எண்ணைப் பார்த்தேன்.
4418 என்று இருந்திருந்தால் கதையாகியிருக்கும்.
9062. வேறு வருடம்.

அவர் பனிச்சறுக்குக் கண்ணாடி மாட்டிக்கொண்டார்,
நான் வெல்டிங் முகமூடியைக் கவிழ்த்துக்கொண்டேன்,
நாற்பதில் ஊர் திரும்பினோம்.
காற்று அறைந்தது. ஆனால் காலடியில்
தார் அத்தனையும் இருந்தது.
பள்ளத்தில் இறங்கியும் தரை வாய் திறக்கவில்லை.
பொட்டுகள் பாட்டுக்குப் பிடித்துக்கொண்டிருந்தன.

"உங்கள் காரில் தொழிற்சாலையுடையது
என்னதான் மிச்சம்?" என்று கத்தினார்.

முகமூடிக்குள்ளிருந்து
இரண்டு முறை சொல்ல வேண்டியிருந்தது:
"உங்கள் கண்ணாடி."