ஒப்பு

மேடம் விஜ்தானின் கைபேசிக்கு
இரண்டு கட்டைவிரல்களைத் தெரியும்.
ஒன்று அவருடையது.
மற்றது சால்மியாவில்
பலகைத் தடுப்புப் போட்ட பாதி அறைக்கு
அறுபது தினார் வாடகை கொடுக்கிறது.

முதல் நாள் அருள்மங்கை என்றேன்.
மூன்று தரம் வாயில் போட்டுப் பார்த்துவிட்டு
மாங்கா என்று முடித்துக்கொண்டார்.
அரபியிலும் அது மாம்பழம்தானாம்.
சிரித்தேன்.
பாஸ்போர்ட் அவர் அலமாரியில் இருந்தது,
அக்காமா இன்னும் அடிக்கவில்லை.

இடது கால் அரை அளவு பெரிது, வெளியே தெரியக் கூடாது.
படப்பிடிப்பு நாளில் கஹ்வாவில் குங்குமப்பூ வேண்டாம்,
பல்லில் மஞ்சள் ஏறும்.
மூத்த நாத்தனார் அழைத்தால் தூங்குகிறார்.
இளையவள் அழைத்தால் குளிக்கிறார்.
தயாரிப்பாளர் என்றால் மணி நான்கு தரம் அடிக்கட்டும்,
ஐந்தாவதற்குப் போகவிடாதே.
ரமலானில் முப்பது இரவும் திரையில் அழுவார்.
நோன்பு திறந்த கையோடு குவைத்தே சேர்ந்து அழும்.
அந்தக் கண்ணீர்
என் கைப்பையில், சின்னக் குப்பியில்,
ஐஸ் பைக்குப் பக்கத்தில் கிடக்கும்.

ரசிகர்களுக்குப் போகும் படங்களில்
கையெழுத்து என்னுடையது.
வாவ், ஜீம், தால், அலிஃப், நூன்.
நூனின் புள்ளியை அவர் வைப்பதில்லை,
பேனாவை எடுக்கும் அவசரத்தில் வாலாக இழுத்துவிடுவார்.
எனக்கு அவசரம் இல்லை.
ஆனாலும் நானும் இழுத்துவிடுவேன்,
வாரத்துக்கு நானூறு முறை.

போன மார்ச்சில்
அவரே போட்ட காசோலை திரும்பி வந்தது.
கையெழுத்து பொருந்தவில்லை.
வங்கிக்காரனை வைதார், மேலாளரின் தாயை வைதார்,
பேனாவை வைதார்.
பிறகு புத்தகத்தை என் பக்கம் தள்ளி
போடு என்றார், முகம் பார்க்காமல்.
போட்டேன்.
மறுநாள் காலை பத்துக்குள் பணம் ஏறிவிட்டது.

அந்த வெள்ளிக்கிழமை
ஊருக்குப் பணம் அனுப்ப வரிசையில் நின்றேன்.
கண்ணாடிக்குப் பின்னால் ஒற்றப்பாலத்துக்காரர்
படிவத்தையும் பத்தாக்காவையும் மாறி மாறிப் பார்த்தார்.
சேச்சி, ஒப்பு சரியில்லை.
அவர் ஊரில் கையெழுத்துக்கு அதுதான் பெயர்.
இன்னொரு தாள் தந்தார்.
அ போட்டேன், ரு போட்டேன்,
கை தானாகக் கடைசி எழுத்தை
வாலாக இழுத்தது.
மூன்றாவது தாளில் ஒத்துக்கொண்டார்,
பின்னால் நின்றவர்கள் முணுமுணுத்ததால்.

என் பிறந்த நாளுக்கு
அவருடைய கைபேசி என் கைபேசிக்கு வாழ்த்துச் சொல்லும்.
எல்லாப் பணியாளர்களுக்கும் நான்தான் அனுப்புகிறேன்,
என்னை மட்டும் விட்டால்
யாராவது கவனிப்பார்கள்.
சென்ற வருடம் இரண்டு ரோஜா வைத்தேன்.
கொஞ்சம் யோசித்து
ஒன்றை எடுத்துவிட்டேன்.
டிரைவர் கஃபூருக்கே ஒன்றுதான்.

நேற்றிரவு புழுதிக்காற்று.
ஜன்னல் இடுக்கில் ஈரத்துண்டைத் திணித்துவிட்டுப் படுத்திருந்தேன்.
மூன்று பத்துக்கு ஒரு செய்தி.
அவர் எண்ணிலிருந்து.
நான் எழுதாதது.

மாங்கா முழித்திருக்கிறாயா
புதுத் தொடரில் என்னைச் சாகடிக்கிறார்கள்
பன்னிரண்டாம் நாளே

காற்புள்ளி இல்லை. நாலு பிழை.
அவருடைய அரபியை இத்தனை நாள்
நான்தான் திருத்திக்கொண்டிருந்தேன் என்பது
அப்போதுதான் உறைத்தது.

யாராவது அவருக்கு இப்படி எழுதினால்
என்ன பதில் போடுவது என்று தெரியும்.
வரைவு தயாராக இருக்கிறது:
இறைவன் பொறுமையைத் தரட்டும், என் பிரார்த்தனையில் நீங்கள்,
ஒரு வெள்ளைப் பூ.
அதைத் தொட்டேன்.
விட்டேன்.

நாத்தனார்கள் அழைத்தால்
என்ன சொல்லட்டும், மேடம்?

பச்சை விளக்கு அணைந்தது. எரிந்தது.
புழுதி கண்ணாடியில் அரிசி புடைக்கிற மாதிரி இரைந்தது.
தடுப்புக்கு அந்தப் பக்கம் லீனா புரண்டு படுத்தாள்.

சிரிக்கும் முகங்கள் மூன்று வந்தன.
அவை எந்த மூலையில் இருக்கின்றன என்று
அவருக்குத் தெரியும் என்பதே
எனக்குத் தெரியாது.