இருபது நிமிடம்

என் அட்டையில் ‘தன்னார்வலர்’ என்று போட்டிருந்தது.
காவலாளி சந்தானசாமியின் வாய்க்கு அது நீளம்.
“ஏ தன்னார்வம், ஸ்ட்ரெச்சரப் புடி” என்பார்.
அப்பா ஒரே கேள்வியோடு நிறுத்திக்கொண்டார்:
“பஸ் காசாவது குடுப்பாங்களா?”

மன்னார்குடி அரசு மருத்துவமனையில்
முதல் வாரம் நான் செய்த பெரிய சேவை இது:
அலமாரியில் தூசி படிந்து கிடந்த கண்ணாடிக் குழாய்களை
யாரும் சொல்லாமலே
சோப்புத்தூள் போட்டுக் கழுவி
வெயிலில் வரிசையாகக் கவிழ்த்து வைத்தேன்.
மணிமொழி சிஸ்டர் ஒன்றை எடுத்து முகர்ந்தார்.
அத்தனையையும் குப்பைவாளியில் கொட்டினார்.
“சோப்பு பட்ட கண்ணாடியில ரத்தம் ஒழுங்கா உறையாது.
நல்ல ரத்தத்தையும் கெட்டதுன்னு காட்டும்.”
திட்டவில்லை. அதுதான் உறுத்தியது.
இருபத்து மூன்று குழாய்கள். எண்ணியிருந்தேன்.

புரட்டாசிக் கடைசி. குறுவை அறுப்பு.
லோடு ஆட்டோவில் வந்தாள் தனக்கொடி,
மிஷின் இறங்காத சேற்றுவயலில்
கையால் அறுத்துக்கொண்டிருந்தவள்.
கணுக்காலுக்கு மேல் துண்டால் இறுக்கிய கட்டு,
அதற்குக் கீழே பூசணியாய்க் கால்.
முருகையன் கையில் யூரியா சாக்கு,
சாக்குக்குள் அடிபட்ட பாம்பு,
அவர் இடுப்பில் அவளுடைய அரிவாள்.
“நீடாமங்கலத்துல கேட்டு போட்டுட்டான் டாக்டரம்மா.
முப்பத்தஞ்சு நிமிசம்.
நெல்லு வண்டி. முன்ன போவுது, பின்ன வருது.”
டாக்டர் இல்லாத என்னிடம்தான் முறையிட்டார்.

சாக்கைப் பிரித்து, “கண்ணாடி விரியன்” என்றார் டாக்டர்.
புதுக் குழாயில் இறங்கியது ரத்தம்.
“இருபது நிமிஷம். ஆட்டக்கூடாது, தொடக்கூடாது,
யாரையும் மேசையில இடிக்க விடாத.”
சிஸ்டர் என்னைப் பார்த்துத்தான் சொன்னார்.

கண்ணாடிக்குள் அவள்.
அவளுக்குள் கண்ணாடி.

ரத்தம் உறைவது பற்றி
நான்கு விடைகளில் ஒன்றைக் குறிக்கத் தெரியும் எனக்கு.
த்ராம்பின், ஃபைப்ரினோஜன், ஃபைப்ரின்:
தூக்கத்தில் எழுப்பினாலும் வரிசை பிசகாது.
தப்பினால் ஒரு மதிப்பெண் கழியும்,
போன வருடம் அப்படித்தான் பதினொன்று கழிந்தது.

மூன்றாவது நிமிடம், மின்விசிறி கூட பயமாயிருந்தது.
ஏழில் ஒரு குழந்தை மேசைக்காலைப் பிடிக்க வந்தது,
நடுவில் என் முழங்காலை வைத்தேன்.
பதினொன்றில் தனக்கொடி கேட்டாள்,
“பாப்பா, ஆட்டோவுக்கு எவ்வளவு சொன்னான்?”
ஈறோரம் மெல்லிய சிவப்பு.
தெரியாது என்றேன்.
அந்த அறையில் எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது
அது ஒன்றுதான்.

இருபது.
சிஸ்டர் குழாயைச் சாய்த்தார்.
தண்ணீர் போல ஓடி
மறுபக்கம் சேர்ந்தது.
நான் கழுவாத குழாய்.
பத்துக் குப்பி மருந்து கரைந்தது.
என்னை நகரச் சொன்னார்கள். நகர்ந்தேன்.

வீட்டுக்குப் போகும் கடைசி பஸ், நீடாமங்கலம் கேட்.
ஆட்கள் இறங்கி டீ குடித்தார்கள்.
மடியில் உயிரியல் புத்தகம், திறக்கவில்லை.
வேகன் வேகனாய் மூட்டைகள்,
யார் யார் அறுத்ததோ.
இருபதுக்கு மேல் எண்ணுவதை விட்டுவிட்டேன்.

மறுநாள் அந்தக் கட்டிலில் வேறு ஆள்.
“தஞ்சாவூர் அனுப்பியாச்சு. யூரின் சரியாப் போகல.”
சிஸ்டர் இன்னொருவருக்கு ட்ரிப்ஸ் மாட்டிக்கொண்டிருந்தார்,
மேலே கேட்க இடமில்லை.

பதிவேட்டில் தேதி, மணிநேரம், செய்த பணி.
நூறு மணி சேர்ந்தால் சான்றிதழ்.
‘ஒரு குழாயைத் தொடாமல் பார்த்துக்கொண்டேன்’
என்று எழுதினேன்.
எழுத்தர் அதை அடித்து
‘நோயாளி உதவி’ என்று திருத்தி
முத்திரை வைத்தார்.

காவலறை மூலையில் இருக்கிறது அரிவாள்,
செய்தித்தாளில் சுற்றி.
“வந்து வாங்கிக்குவாங்க” என்கிறார் சந்தானசாமி.
தாளடி நட்டு முடிந்துவிட்டது.
பஸ்ஸுக்குப் போகும்போது
தினமும் எட்டிப் பார்க்கிறேன்.