இடப்பக்கம் மூன்று விரல்

செல்லூர் ஸ்பீடு பிரேக்கரில்
மட்கார்டு டயரை உரசியபோதுதான்
முதலில் காதில் விழுந்தது.
கண்ணில் அதற்கு முன்பே விழுந்திருக்க வேண்டும்:
ஒற்றைக்காலில் பாரம் போட்டு
பஸ்ஸுக்கு நிற்கிற ஆள் மாதிரி
பின்னால் இடப்பக்கம் தாழ்ந்து நின்றது
என் லோடு ஆட்டோ.

"பதினேழு வருச வண்டிக்கா,
தள்ளிவிட்டுட்டு வேற பாருங்க" என்றான்
மாவு மில் கணக்கு எழுதும் தவசி.
அவனுக்கென்ன,
தவணை அவன் பெயரிலா இருக்கிறது.

ஞாயிறு மதியம்
மூடிக் கிடந்த ரேஷன் கடை முன்னால்
சிமெண்டுத் தளம் பார்த்து நிறுத்தினேன்.
முதலில் காற்று.
இரண்டு டயரிலும் ஒரே அளவு.
பிறகு, ஜாக்கெட் தைத்து மிஞ்சிய நாடாவால்
மட்கார்டு விளிம்பிலிருந்து சக்கர நடு வரை:
வலம், ஒரு சாண் நாலு விரல்.
இடம், ஒரு சாண் ஒரு விரல்.
இரண்டு இடத்திலும் முடிச்சுப் போட்டேன்.
நடுவில் மூன்று விரல் காணாமல் போயிருந்தது.

நெல்பேட்டை ஹபீபுல்லா
நாடாவை வாங்கிப் பார்த்தார், சிரிக்கவில்லை.
ஷாக் அப்சார்பரை மாத்திடலாமா என்றேன்.
"அது ஆட்டத்த அடக்கும் பாண்டீசு,
ஒசரத்தத் தாங்காது."
கம்பியை விட்டு நெம்பினார்,
புஷ்ஷில் ஆட்டமில்லை.
மிச்சம் இரண்டுதான்.
ஸ்பிரிங் தளர்ந்திருக்க வேண்டும்,
அல்லது சேஸில் கீறல்.
இரண்டாவதை அவர் சொல்லவில்லை.
நானும் கேட்கவில்லை.

"இங்கிட்டு உள்ளத அங்கிட்டுப் போடு.
பள்ளம் கூட வந்தா ஸ்பிரிங்கு.
வராட்டி வண்டி."

ஜாக் ஏறியது.
துருப்பிடித்த போல்ட்டுக்கு மண்ணெண்ணெய் ஊற்றி
ஒரு டீ குடிக்கும் நேரம் காத்திருந்தோம்.
கழற்றி மாற்றி ஜாக்கை இறக்கியபோது
வண்டி வலப்பக்கம் சாய்ந்தது.
கோணலாய் நின்ற ஒரு வாகனத்தைப் பார்த்து
பட்டறையில் அப்படிச் சந்தோஷப்பட்டவள்
நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.
சேஸ் தப்பித்தது.

ஒன்று போதுமே என்றதற்கு
ஜோடியாகத்தான் போடணும் என்றார்.
புதுசு பழசுக்காக நிமிராதாம்.
ஆயிரத்து எழுநூறு.
அந்த மாதம் தவணை ஆறு நாள் பிந்தியது.

ஏழு மாதம் ஓடியது.
ஆடிக் காற்றில் கண்ணெல்லாம் மண்.
சும்மாதான் நாடாவை எடுத்துப் பிடித்தேன்.
இடப்பக்கம்
ஒன்றரை விரல்.

இந்த முறை ஹபீபுல்லா ஸ்பேனரைத் தொடவில்லை.
"எப்படி ஏத்துவ? ஏத்திக் காட்டு."
காட்டினேன்.
இட்லி மாவு டிரம் இரண்டும் இடப்பக்கம்,
கடை ஓரமாய் நிறுத்தி
கீழே நின்றபடியே இழுத்து இறக்கலாம்.
வலப்பக்கம் இறங்கினால் பஸ்காரன் முழங்கையைத் தேய்த்துப் போவான்.
அந்தப் பக்கம் தராசு,
காலி மூடிகள், என் சாப்பாட்டுத் தூக்கு, ஒரு குடை.
"எத்தன வருசமா?"
ஆறு.
அவர் தராசைப் பார்த்தார்.
எனக்கு வெட்கமாக இருந்தது,
தினமும் கிராம் சுத்தமாய்
ஊருக்கு நிறுத்துப் போடுகிறவள் நான்.

இப்போது டிரம் இரண்டும் நடுவில்.
ஒவ்வொரு கடையிலும் மேலே ஏறி
முன்னுக்குத் தள்ளி இறக்க வேண்டும்.
பதினோரு கடை, பதினோரு ஏற்றம்.
முழங்கால் இரவில் கணக்குக் கேட்கிறது.
பின்னால் ஹாரன் அடிக்கிறவர்கள்
என் அம்மாவையும் சேர்த்துத் திட்டுகிறார்கள்.
வெயிலில் பொங்கிய மாவு
மூடியைத் தூக்கிக்கொண்டு
எட்டிப் பார்க்கிறது.

ஸ்பீடு பிரேக்கரில் சத்தம் நின்றுவிட்டது.
நாடா ஹேண்டிலில் தொங்குகிறது.
அரை விரல் மட்டும் இன்னும் நேராகவில்லை.

"ரோடே அந்தப் பக்கம் சரிவும்மா" என்றார் ஹபீபுல்லா,
"தண்ணி ஓடணும்ல."

நேற்று கோரிப்பாளையத்தில் மழை.
வண்டியை நிறுத்திவிட்டு
குடைக்குள் குனிந்து பார்த்தேன்.
நடு ரோட்டில் விழுந்த மழை
டயருக்கு அடியில் நுழைந்து
அங்கிட்டுத்தான் ஓடுகிறது.