முயலுக்கு நாலு கால்

தொப்பூர் கணவாயில் லாரி கவிழ்ந்த இரவு
எங்கள் பார்சலும் அங்கேதான் நின்றது.
காலையில் மாதேஷ் தெர்மகோல் பெட்டியை இறக்கியபோது
ஐஸ் முழுக்கத் தண்ணீர்.
"கையெழுத்துப் போடுங்கக்கா, இன்னும் அம்மாபேட்டை போகணும்."
போட்டேன்.

உள்ளே ஒரு குப்பி,
அடியில் நாலைந்து சொட்டு,
விலை என் இரண்டு மாதச் சம்பளம்.
எங்கோ ஒரு முயலின் ரத்தம் படித்த
ஒரே ஒரு பாடம் அதில் இருக்கிறது:
நெப்ரிலைசின் என்ற கத்தரிக்கோலின்
ஏதோ ஒரு வளைவு.

அந்த என்சைமுக்கு வேலை நறுக்குவது.
வலியின் சேதி, ரத்த அழுத்தத்தின் சேதி,
பெப்டைடாக நீண்டு வருவதையெல்லாம் துண்டாக்கிப்
பேச்சை முடித்துவைக்கும்.
முயல் தந்தது நறுக்காது.
பிடிக்கும். அவ்வளவுதான்.
கத்தரியைக் கண்டுபிடிக்க
இன்னொரு கத்தரி எதற்கு?
பிடித்த பிடி விடாத கை போதும்.

நாலு ரோட்டில், மருந்துக்கடைக்கு மேலே,
இரண்டாம் மாடி எங்கள் லேப்.
எண் 2217. சித்தேஸ்வரன், ஐம்பத்து மூன்று,
செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுக்குப் பொடி வைத்து ஊதுகிறவர்.
கழுத்தில் நெல்லிக்காய் அளவு கட்டி.
அதிலிருந்து ஒரு சீவல்,
வெங்காயத் தோலைவிட மெல்லிசு,
கண்ணாடியில் ஒட்டியிருக்கிறது.
கூடவே யாரோ ஒருவரின் சிறுநீரகம்:
அங்கே இந்தக் கத்தரி இருப்பது ஊரறிந்த விஷயம்.
அது சாட்சி.
மூன்றாவதும் அதே சிறுநீரகம்தான், முயலை மட்டும் விடவில்லை.
அது சாட்சிக்குச் சாட்சி.

குக்கரில் சிட்ரேட் ஊற்றி ஸ்லைடுகளை வேகவைத்தேன்
(பாத்திரக் கடையில் வாங்கிய அதே ஐந்து லிட்டர்.
"இன்னைக்கும் பருப்பாக்கா?" என்பான் மருந்துக்கடைப் பையன்).
நடுவில் கரண்ட் போனது. இன்வெர்ட்டர் முனகியது.
பெராக்சைடில் பத்து நிமிடம் கிடக்கவேண்டியதை
மூன்றில் எடுத்துவிட்டேன்.

சாயங்காலம் மைக்ராஸ்கோப்பில்
சாட்சி பழுப்பு, ஏற்காட்டுக் காப்பி டிகாக்‌ஷன்.
2217-உம் பழுப்பு.
டாக்டர் இம்மாகுலேட் நிமிர்ந்தார்:
"பாசிட்டிவ். அடிச்சிடு."
மூன்றாவதை நீட்டினேன்.
அதுவும் பழுப்பு.
முயலே போகாத இடத்தில்
முயலின் கால்தடம்.

"நாம பிடிச்ச முயலுக்கு மூணே கால்னு
எழுதிக் குடுத்துடலாம் டாக்டர்.
இல்லைன்னா நாளைக்கு எண்ணிப் பாத்துட்டு எழுதலாம்.
பெராக்சைடுல நான்தான் அவசரப்பட்டேன்."
அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.
அழுக்கே இல்லாத கண்ணாடி. நெடுநேரம் துடைத்தார்.
"நாளைக்கு."

படியில் உட்கார்ந்திருந்த அவர் மனைவியிடம்
அந்த ஒரு சொல்லைச் சொல்ல
மூன்று முறை தொண்டையைச் செருமினேன்.

மறுநாள், கடிகாரத்தைப் பார்த்தபடியே பத்து நிமிடம்.
மூன்றாவது கண்ணாடி சுத்த நீலம்.
சாட்சியில் குழாய்களின் ஓரம் மட்டும் பழுப்பு:
தொப்பூரில் வெந்தும் முயல் சாகவில்லை.
2217 நீலம்.
மேலே தள்ளினேன், கீழே தள்ளினேன்,
நாவல்பழம் நசுங்கிய தரை மாதிரி
மூலைவரை நீலம்.

டைப் அடித்தேன்: நெகட்டிவ்.

அந்தம்மா அந்த ஒரு சொல்லைத்தான் படித்தார்.
காகிதத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.
"ஒண்ணுமில்லைன்னு வந்துடுச்சா சாமி!"

ஒன்றுமில்லை என்று யார் சொன்னது.
இந்தக் கத்தரி இல்லை, அவ்வளவுதான்.
கட்டி கட்டியாகத்தான் இருக்கிறது,
இன்னும் நாலைந்து குப்பிகளைக் கேட்டால்தான்
அதன் பெயர் தெரியும்.

அதற்குள் அவர் பாதிப் படி இறங்கி
யாருக்கோ போனில் சிரித்துக்கொண்டிருந்தார்.
ரிப்போர்ட்டைப் பிடித்த கை
வெயிலில் ஆடியது.

கையுறையைக்கூடக் கழற்றாமல் ஓடினேன்.
"அம்மா, போனை வச்சிட்டுக் கொஞ்சம் உக்காருங்க."