கையிருப்பு

ஒரு நிமிடத்தில் பதினேழு விலங்குகள் சொன்னீர்கள், சின்யோரா நெவென்கா.
என் அட்டவணைக்கு அது போதும்.

குதிரை மட்டும் மக்கர் செய்தது.
இத்தாலியச் சொல்லின் வாசலில் நின்று
தட்டிப் பார்த்தீர்கள், ஆளில்லை.
கொல்லைப்புறமாகச் சுற்றிப் போய்
ஸ்லொவேனியத்தில் பிடித்து வந்தீர்கள்: கோன்.
அதன் கனைப்பைக் கேட்டோ என்னவோ
கவால்லோவும் பின்னாலேயே வந்துவிட்டது.

படத்தைப் பார்த்திருக்கிறேன்.
இடப்பக்கம், பாதாம் பருப்பளவு இருட்டு.
திரைக்கு அப்பால் படுத்திருக்கும் எஜிதியோவுக்கும்
அதே இடம், அதே பருப்பு.
முஜ்ஜாவில் சிப்பி வளர்ப்பவர்,
பதினொரு வயதில் பள்ளிக்கு முழுக்குப் போட்டவர்.
ஆறு விலங்கோடு நின்று, வெகுநேரம் கழித்து
"சிப்பி சேர்த்தியா?" என்று கேட்டார்.
நான் யோசித்து முடிப்பதற்குள் மணி அடித்துவிட்டது.

உங்களுக்கோ ட்ரியெஸ்தே துறைமுகச் சுங்கத்தில் முப்பத்தோரு வருடம்.
மூன்று மொழிகளில் மல்லுக்கு நின்ற கப்பல்காரர்கள்,
இரவுப் பணியில் குறுக்கெழுத்து,
சரக்குக்கு ஒன்றாக ஆயிரம் எண்கள்.
எதற்கென்று தெரியாமலே சேர்த்தது.
ஒரு செவ்வாய்க்கிழமை குழாயில் ரத்தம் நின்றபோது
உள்ளிருந்து யாரோ மூட்டையை அவிழ்த்திருக்கிறார்கள்.
பெரிய சாலை அடைபட்டால் என்ன,
சந்துகள் தெரிந்தவர் எப்படியும் வீடு போய்ச் சேர்வார்.

'சராசரி' என்று எழுதினேன்.
மேசைக்கு அப்பாலிருந்து தலைகீழாகவே வாசித்தீர்கள்,
அதுவும் சுங்கத்தில் படிந்த பழக்கம்தான்.
"நான் எப்போது சராசரியாக இருந்தேன், டாக்டர்?"

காப்பிக்கொட்டையின் எண்ணை நேற்றிரவு தேடினீர்களாம்.
முன்பெல்லாம் மூட்டை தரையைத் தொடுமுன் நாக்கில் இருக்கும்.
விடியற்காலை நான்கு மணிக்குக் கிடைத்தது.
"வந்தது. ஆனால் நடந்து வந்தது."

நடந்து வந்ததைக் குறிக்க என் படிவத்தில் கட்டமில்லை.
மூட்டையில் இன்னும் எத்தனை படி மிச்சம் என்று அளக்க
இந்த மருத்துவமனையில் மரக்காலும் இல்லை.
ஓரத்தில் பேனாவால் எழுதினேன்:
இவர் இழந்திருக்கிறார். மதிப்பெண் அதைச் சொல்லாது.

வெளியே போரா, எங்கள் ஊரின் மூர்க்க வாடைக்காற்று,
ஜன்னல்களைப் பிடித்து உலுக்கிக்கொண்டிருந்தது.
ஒரு காலத்தில் இதற்காகவே தெருவோரம் கயிறு கட்டுவார்களாம்,
பிடித்துக்கொண்டு நடக்க.

கைப்பையை எடுத்தீர்கள்.
வலக்கை சரியாக மூடவில்லை,
இடக்கை வாங்கிக்கொண்டது.
திரையைப் பார்த்துச் சொன்னீர்கள்:
"சிப்பி விலங்குதான். மூன்றாம் அத்தியாயம்,
மீனுக்குப் பக்கத்தில். சேர்த்துக்கொள்ளுங்கள்."

ஆறை அடித்துவிட்டு
ஏழு என்று போட்டேன்.
திரைக்குப் பின்னால் கட்டில் கிறீச்சிட்டது.