கேம்பர்

மணலி விரைவுச் சாலையில்
டிரெய்லர்கள் நகராத ராத்திரி.
"அரை டிகிரி சாஞ்சாலும்
டயரை ஒரு பக்கமா துன்னுடும்",
சக்கரத்துக்கு அடியிலிருந்து எசேக்கியேல்.

பூமிக்கு இருபத்து மூன்றரை என்றேன்.
"யாரு ஓட்றது அத்த?"

யுரேனஸ் படுத்துக்கொண்டே உருள்கிறது.
வெள்ளி ரிவர்ஸ் கியரில்;
ஒரு சுற்று முடியுமுன்
அதற்கு வருஷமே முடிந்துவிடும்.
சூரியன் கெட்டிப் பொருளே இல்லை:
இடுப்பு இருபத்தைந்து நாளில் திரும்பும்,
உச்சந்தலை வந்துசேர இன்னும் பத்து நாள்.

"பேரிங் பூடுச்சு."

ஸ்பேனரைத் துடைத்தான்.
"சரி, பூமிய நிமித்திட்டா?"

ஐப்பசியும் இருக்காது, சித்திரையும்.
பகலும் இரவும் பன்னிரண்டு பன்னிரண்டு மணி,
எந்நாளும்.

சுவரில் இடுப்புயரத்தில்
வெள்ளத்தோடு வந்த எண்ணெய்
போட்டுப்போன கறுப்புக் கோடு.
அதையே பார்த்துக்கொண்டு நின்றான்.
"கொஞ்சம் யோசிச்சு சொல்றேன்பா" என்று
ஜாக்கை இறக்கினான்.