குலை பார்க்கிறவள்

ஆலை வாசலில் என் வேலை இதுதான்:
லாரி கொட்டும் செம்பனைக் குலைகளைக்
கம்பியால் புரட்டி
எது பழம், எது பிஞ்சு, எது அழுகல் என்று சொல்வது.
பத்து உதிரியாவது கழன்றிருந்தால் பழம்.
ஒன்றும் கழலாமல் கறுத்து இறுகியிருந்தால் பிஞ்சு.
தொட்டாலே கொட்டி ஈ மொய்த்தால்
கண்ணே வேண்டாம், மூக்கு சொல்லும்.
பதினேழு வருஷம்.
தவ்கேயோடு மல்லுக்கு நின்று
இரண்டு லாரியைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன்.

சுங்கை மெராவானில் இப்போது
ஒரு விளக்குக் கம்பத்துக்கு ஆறு கொடி.
ஆ ஹெங் காப்பிக் கடை எதிரே குணாளன் சிரிக்கிறார்.
பெட்ரோல் நிலையத்தில் மகிழ்நன் முறைக்கிறார்.

குணாளன் வந்தால் வங்காளதேசிகளை
ஒரே ராத்திரியில் துறைமுகம் சேர்ப்பாராம்.
ஒலிபெருக்கி வண்டி இதைச் சொல்லிப் போனபோது
என் மேடையில் கொக்கி போட்டுக்கொண்டிருந்தது ரஃபிக்.
எனக்கு இடுப்பு வலி என்று
என் பங்கையும் சேர்த்து இழுப்பவன்.

மகிழ்நன் வந்தால் ஆலைக்கே தீயாம்.
பேச்சுக்கு இல்லை, தேதி போட்டு.
மறுநாள் சம்பளம் யார் தருவா என்று கேட்ட
டயர் கடை பொன்னுரங்கம் விடிவதற்குள் துரோகியானார்.
சுவரில் சிவப்புச் சாயம்,
'துறோகி' என்று.

இவர்களையெல்லாம் யார் கேட்டது?
ரொட்டி சானாயைப் பிய்த்தபடி
ஊரே இதைத்தான் கேட்கிறது.

எனக்குத் தெரியும்.
மார்ச் மாதம், ஒரு வியாழக்கிழமை.
ஆளைக் கிளையே பொறுக்கட்டும் என்று
முதல் தடவையாக எங்களிடம் விட்டார்கள்.
பாலாய் ராயாவில் நாற்காலி இருநூறு.
வந்தவர் அறுபத்து மூன்று.
அதில் முப்பத்தாறு ஒரே நிறச் சட்டை.

அல்போன்ஸும் நின்றார்.
மூன்றாம் லயத்துச் சாக்கடைக்கு
பதினோரு கடிதம் எழுதி மூடி போட வைத்தவர்.
பேசச் சொன்னதும் அந்தக் கடிதங்களைப் படித்தாராம்.
நாலாவதில் மைக்கைப் பிடுங்கினார்களாம்.

எல்லாமே 'ஆம்'தான். நான் போகவில்லை.
கட்சி அட்டை இருக்கிறது, சந்தா கட்டியிருக்கிறேன்.
மழை. சீருடை காயவில்லை.
அடுப்பில் மீன்.
அவர் தோற்றது ஒன்பது ஓட்டில்.
எங்கள் வரிசை வீடுகளில் மட்டும்
போகாத அட்டை பதினான்கு.

மகிழ்நன் கட்சியில் இதைவிட மோசம்,
கையைத் தூக்கச் சொன்னார்களாம்.
பக்கத்தில் நிற்பது யார் என்று பார்த்துத் தூக்கினார்களாம்.
என் நாத்தனார் தூக்கினாள்.
இன்னும் தோள் வலிக்கிறதாம்.

ஓட்டு நாள். தமிழ்ப்பள்ளி, மூன்றாம் ஆண்டு வகுப்பு.
எனக்கு இரண்டு ஆள் முன்னால் அல்போன்ஸ்,
கையில் மடக்குக் குடை.
திரும்பிப் பார்த்தார்.
அன்றைக்கு ஏன் வரவில்லை என்று கேட்டிருக்கலாம்.
"இடுப்பு தேவலையா?" என்றார்.

சுவரில் ஏழாம் வாய்பாடு.
இடது ஆள்காட்டி விரலில் மை.
அட்டைத் தடுப்புக்குப் பின்னால்
தாளில் இரண்டு பெயர்.
கையில் கம்பி இல்லை.
புரட்டிப் பார்க்க அடிப்பக்கமும் இல்லை.
ஒன்று பிஞ்சு. ஒன்று அழுகல்.
ஆலையென்றால் சீட்டில் கிறுக்கி
எடுத்துக்கொண்டு போ என்றிருப்பேன்.
இங்கே லாரி திரும்ப இடமில்லை.
பின்னால் யாரோ இருமினார்.

போட்டேன்.
எதில் என்று சொல்லமாட்டேன்.
சொன்னால் பாதிப் பேர் சிரிப்பீர்கள்,
மீதிப் பேர் சாயத்தோடு வருவீர்கள்.

திங்கட்கிழமை முதல் லாரி ஏழு மணிக்கு.
எண்ணெய் பட்டும் மை போகவில்லை.
ரஃபிக் என் விரலைப் பார்த்தான், முகத்தைப் பார்த்தான்.
"சியாப்பா மெனாங், அக்கா?"
யார் ஜெயித்தது.

கொக்கியை எடு என்றேன்.
குலை சரிந்தது.
நான் எண்ண ஆரம்பித்தேன்,
உதிரி ஒன்று, உதிரி இரண்டு.